கையிற் கிடைக்கும் படம்: ஊவாத் தோட்டங்களும் உடனடி நிழற்படமும்

நிழற்படம் பற்றித் தமிழில் எழுந்த விமரிசனம் மிகச் சொற்பம். சிறுகதைக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் அளவுகோல்கள் வகுத்து ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வந்துள்ள நாம், நிழற்படத்தை மாத்திரம் ‘நன்றாக விழுந்திருக்கிறது’ என்னும் ஒரு தொடருடன் அனுப்பிவிடுகிறோம். உடனடிப் படமெனில் அத்தொடர்கூடக் கிடைப்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் கமராவின் வாயிலிருந்து வெளிவந்து, சில நிமிடங்களிற் கண்முன்னே உருக்கொள்ளும் அச்சிறு வெள்ளைச் சட்டப் படத்தைப் பிறந்தநாள் விழாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் உரிய விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதுகின்றனர். அது கலையாகுமா என்று கேட்டாற் சிரிப்பர். அவ்வாறு சிரித்தவர்களுள் நானும் ஒருவன். எனது எண்ணத்தை மாற்றியவை நூல்களல்ல. நமுனுகுல மலைச்சாரலிலுள்ள ஒரு தோட்டத்திற் சென்ற விடுமுறையின்போது செலவான இருபது படத்தாள்கள். அவற்றைப் பற்றிப் பேசுமுன் அக்கருவியின் இயல்பையும், எமது பிரதேசத்தில் நிழற்படம் நடந்து வந்த வழியையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1943இல் தமது சிறு மகளைப் படமெடுத்தபோது, அதனை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அவள் கேட்டாள் என்றும், அக்கேள்வியிலிருந்தே தமது கண்டுபிடிப்புப் பிறந்ததென்றும் கூறியுள்ளார். 1947 பெப்ரவரியில் அதனை நியூயோர்க்கில் அறிஞர் சபையொன்றின் முன் செய்து காட்டினார். 1948 நவம்பரில் பொஸ்ரன் நகரக் கடையொன்றில் முதற் போலரோயிட் கமராக்கள் விற்பனைக்கு வந்தன. 1972இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்-70 என்னும் கமராவுடன் இக்கருவி இன்று நாம் அறிந்த வடிவத்தைப் பெற்றது. படத்தாளின் கீழோரத்தில் அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று உண்டல்லவா? அழகுக்கு வைத்ததென்று பலர் நினைக்கும் அப்பட்டையினுள்ளே இரசாயனக் குழம்பு அடைத்த சிறு பை இருக்கிறது. தாள் இரண்டு உருளைகளுக்கிடையே நசுங்கி வெளிவரும்போது பை உடைந்து, குழம்பு படலங்களுக்கிடையே பரவுகிறது. ஸ்ரூடியோக்காரர் இருட்டறையில் மணிக்கணக்கிற் செய்த வேலை எமது உள்ளங்கையில் நடந்துவிடுகிறது. தாளை விசிறிபோல ஆட்டினால் விரைவாகத் தெளியும் என்பது வெறும் நம்பிக்கை. ஆட்டாமல் விடுவதே நன்று. 2008இல் போலரோயிட் நிறுவனம் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்திலுள்ள அதன் பழைய தொழிற்சாலையிற் சிலர் அதனை மீண்டும் உயிர்ப்பித்தனர். பியூஜி நிறுவனம் 1998 முதல் வெளியிட்டு வரும் இன்ஸ்டக்ஸ் என்பதே இன்று எமது நாட்டு இளைஞர் கையில் அதிகமாகக் காணப்படுவது.

மேனாட்டுக் கலைஞர் சிலர் இக்கருவியைப் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தியுள்ளனர். லூகாஸ் சமராஸ் என்பவர் 1970களில், படம் தெளிந்து முடியுமுன் அதன் மென்மையான படலத்தைக் கூரிய கருவியால் அழுத்தித் தமது முகத்தைப் பூதமாக மாற்றினார். டேவிட் ஹொக்னி 1982இல் ஒரே காட்சியைப் பல துண்டுகளாக எடுத்து ஒட்டினார். ஹொக்னியின் முயற்சி கெட்டித்தனமானது. ஆனால் இரண்டாவது முறை பார்க்க என்னை அழைக்கவில்லை. முதியவர் அந்திரே கேர்ட்டெஸ் செய்தது வேறு. 1977இல் மனைவியை இழந்த அவர், தமது வீட்டு யன்னலோரத்திற் கண்ணாடியாலான சிறு மார்புருவம் ஒன்றை வைத்து, அதனூடே வரும் வெளிச்சத்தை நாள்தோறும் எஸ்.எக்ஸ்-70 கமராவாற் படமெடுத்தார். வீட்டை விட்டு வெளியே போகும் விருப்பற்ற ஒரு கிழவருக்கு, இருட்டறையும் உதவியாளரும் தேவைப்படாத அக்கருவி ஒரு துணையாயிற்று. 1981இல் அவை நூலாக வெளிவந்தன. உடனடிப் படத்தின் மங்கலான நிறமும் நுணுக்கக் குறைவும் குறைபாடுகளே என்று வாதிடுவோர் அவற்றை ஒருமுறை பார்த்தல் வேண்டும். மனைவியின் இடத்தில் நின்ற அக்கண்ணாடி உருவுக்கு அம்மங்கல் எவ்வளவு பொருந்துகிறது!

எனினும் இக்கலைஞர் எல்லோரிடமும் பொதுவாக ஒரு புறக்கணிப்பைக் காண்கிறேன். அவர்கள் எடுத்த படங்கள் அவர்களிடமே தங்கின. பின்பு அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. உடனடிக் கமராவுக்கு மாத்திரமே உரிய வல்லமை நிறத்திலோ படலத்திலோ இல்லை. எடுக்கப்பட்டவருக்கு எடுத்த இடத்திலேயே படத்தைக் கொடுத்துவிட முடியும் என்பதே அது. இதனை ஒரு கலைப் பண்பாக எவரும் கருதியதாகத் தெரியவில்லை. கருதாமைக்குக் காரணம் உண்டு: படம் என்பது தம்மிடம் இருந்தே தீரும் என்ற நிலையில் வாழ்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையன்று. படம் எப்போதும் தம்மை விட்டுப் போய்விடும் இடத்தில் வாழ்வோருக்கே அதன் பொருள் விளங்கும். ஊவாத் தோட்டங்கள் அத்தகைய இடம்.

இலங்கையில் நிழற்படம் வளர்ந்த காலமும் பெருந்தோட்டம் வளர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே முதலிய நிறுவனங்கள் தோட்டங்களைப் படமெடுத்து அல்பங்களாகவும் தபாலட்டைகளாகவும் விற்றன. மலை, தொழிற்சாலை, துரையின் பங்களா, கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண் என்பன அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் காட்சிகள். பங்களாவுக்குப் பெயருண்டு, தோட்டத்துக்குப் பெயருண்டு, பெண்ணுக்குப் பெயரில்லை. 1890இல் ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைத் தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்குக் கொண்டுவருவதாக விளம்பரம் செய்தபோது அவ்விளம்பரங்களிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணே நின்றாள். உலகெங்கும் சென்ற அவ்வுருவத்தின் ஒரு பிரதியேனும் லயத்துக்கு வந்திருக்குமா?

கலை நோக்கம் கொண்டோரும் இதற்கு முற்றிலும் விலக்கல்லர். நிழற்பட வரலாற்றிற் பெரும் பெயர் பெற்ற ஜூலியா மாகரட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்திலே கவிஞரையும் அறிஞரையும் பெயர் சொல்லிப் படமெடுத்த அவர், இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியுள்ள சிலவற்றில் எம்மவர் முகங்களைப் பரிவுடனும் அழகுடனும் காட்டுகிறார். ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் எவரென்று இன்று அறிதற்கில்லை. 1934இல் பசில் றைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ திரைப்படம் கலைச்சிறப்பால் இன்றும் போற்றப்படுகிறது. அதில் விவரணக் குரல் கொடுத்தவர் எமது நாட்டின் மிகச் சிறந்த நிழற்படக் கலைஞரான லயனல் வென்ற். அப்படத்தைச் செய்வித்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை என்பதையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இலக்கியத்திலே நிலைமை மாறிவிட்டது. ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, பதுளைத் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் சிறுகதைகளையும் எழுதியபோது, லயத்துக் காம்பராவை உள்ளேயிருந்து பார்க்கும் கண் தமிழுக்குக் கிடைத்தது. அவரை ஒத்தோரின் எழுத்தால் மலையக இலக்கியம் என்றொரு தனிப் பிரிவே நிலைபெற்றது. நிழற்படத்தில் அத்தகைய திருப்பம் நிகழவில்லை. பேனாவைத் தோட்டத்துப் பிள்ளை வாங்க முடிந்தது; கமராவையும் பிலிமையும் வாங்க முடியவில்லை என்பது முதற் காரணம். வேறொரு காரணமும் உண்டு. எமது மக்களுக்கு நிழற்படம் மகிழ்ச்சிக்குரிய பொருளாக அறிமுகமாகவில்லை; அரசாங்கம் கேட்டமையால் எடுக்கவேண்டிய ஒன்றாகவே அறிமுகமாயிற்று.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள் தாம் யாரென்பதைத் தாள்களால் நிரூபிக்க வேண்டியவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய், ஸ்ரூடியோவின் திரைக்கு முன்னே விறைத்து நின்று எடுத்த அப்படமே பலருக்கு வாழ்நாளின் முதற் படம். அதுவும் விண்ணப்பத்துடன் போய்விடும். வசதியுள்ள சிலர் பிரியுமுன் குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்தனர். என் அப்பாயியின் தங்கை 1970களில் ஒப்பாரிக் கோச்சி ஏறித் தலைமன்னார் வழியாகப் போனபோது அவ்வாறு ஒரு படம் எடுக்கப்பட்டது. இரண்டு பிரதிகள்: ஒன்று இராமேசுவரம் போயிற்று, ஒன்று லயத்தில் நின்றது. நின்ற பிரதியை ஈரமும் பூஞ்சணமும் தின்றுவிட்டன. ஒன்பது பேருள் அப்பாயி நின்ற இடத்தில் இப்போது ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது.

உடனடிக் கமரா இவ்வரலாற்றிலிருந்து விலகி நின்ற தூய கருவி என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாபிரிக்காவில் நிறவெறி அரசு கறுப்பின மக்களை எந்நேரமும் சுமந்து திரியச் செய்த அனுமதிப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் பயன்பட்டது போலரோயிட்டின் அடையாள அட்டைக் கருவியே. 1970இல் அந்நிறுவனத்திலேயே வேலை செய்த கரொலைன் ஹன்ரர், கென் வில்லியம்ஸ் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்து போராட்டத்தைத் தொடங்கினர். ஏழு ஆண்டுகளின் பின்னரே, 1977இல், நிறுவனம் அந்நாட்டை விட்டு விலகியது. சில நிமிடங்களிற் படம் கிடைக்கும் என்பது அங்கே அடக்குமுறையின் வேகமாக இருந்தது. ஆகவே வேகத்தில் ஒன்றுமில்லை. முடிவிற் படம் யார் கையில் இருக்கிறது என்பதையே கேட்க வேண்டும்.

இனி அந்த இருபது தாள்களுக்கு வருவோம். எனது விடுதி நண்பர் ஒருவர் தமது இன்ஸ்டக்ஸ் கமராவையும், தாள் பத்துக் கொண்ட பொதிகள் இரண்டையும் விடுமுறைக்கு எனக்குத் தந்தார். ஒரு பொதியின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட் சம்பளத்தை விடக் கூடியது. இந்தக் கணக்கு படமெடுக்கும்போதெல்லாம் என் மனத்தை விட்டு அகலவில்லை. கேர்ட்டெசைப் படித்த மயக்கத்தில், மூடுபனி, இஸ்தோப்பில் விழும் காலை வெளிச்சம், கொழுந்துக் கூடைகளின் நிழல் என்று ஒரு பட்டியலையே எழுதி வைத்திருந்தேன். இருபதில் ஒன்றேனும் அப்பட்டியலின்படி அமையவில்லை.

முதலில் அப்பாயியிடம் போனேன். அவர் மலையிலிருந்து வந்து இஸ்தோப்பிற் களைத்து உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இதுவே ‘இயல்பான’ காட்சி என்று கமராவைத் தூக்கினேன். “இருடா” என்று அதட்டிவிட்டு உள்ளே போனவர், திருவிழாவுக்குக் கட்டும் சேலையுடன் வந்தார். சுவரோரம் நின்று, இரு கைகளையும் நேரே தொங்கவிட்டு, கமராவை முறைத்துப் பார்த்தார். சிரிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தனர். கூடையோடு நிற்கும்படி ஒரு பெண்ணிடம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “கூடைய ஊரெல்லாம் பாத்திருக்குது தம்பி. என்னயத்தான் பாக்கல.”

இந்த ஒரு வாக்கியம் பிளாட்டே தபாலட்டை முதல் லிப்டன் விளம்பரம் வரையிலான வரலாறு முழுவதற்கும் எழுதப்பட்ட விமரிசனமன்றி வேறென்ன? படங்களின் அமைப்பை நான் தீர்மானிக்கவில்லை; அவர்களே தீர்மானித்தனர். படம் தம்மிடம் நிற்கப் போகிறது என்று தெரிந்தமையாலேயே அவர்கள் தீர்மானித்தனர். சுற்றுலாப் பயணி தொலைவிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் படத்துக்கு எவரும் சேலை மாற்றுவதில்லை. நேராக நின்று கமராவைப் பார்ப்பது கற்பனையற்ற ‘பாஸ்போர்ட் நிலை’ என்று நாம் இகழ்கிறோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியே, 1965இல் வெளிவந்த நிழற்படம் பற்றிய நூலில், நாட்டுப்புற மக்கள் கமராவை நேர்முகமாகப் பார்த்து நிற்பதைத் தம் கண்ணியத்தைக் காக்கும் முறையாக விளக்குகிறார். எமது இடத்தில் அதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. அதிகாரி கேட்டு நின்ற அதே நிலையை, இம்முறை எவரும் கேளாமல், தாமே விரும்பி நின்றார்கள். உருவத்திற் கடவுச்சீட்டுப் படத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை. பொருளிலோ ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. உருவ அழகை மாத்திரம் நோக்கும் விமரிசனம் இவ்விடத்திற் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இனிமையான தற்செயல்களும் நேர்ந்தன. மார்கழிக் குளிரில் அத்தாள்கள் மிக மெதுவாகவே தெளிந்தன. சூடு வேண்டுமென்று சொன்னதும், அப்பாயி தம் படத்தை முந்தானைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். குஞ்சு பொரிக்கிறதா என்று பெண்கள் கேலி செய்தனர். காம்பராவின் உள்ளே எடுத்த படங்களில், கமராவின் மின்னொளி முகத்தை மாத்திரம் வெளுக்கச் செய்து பின்புறத்தை முழு இருளாக்கிவிட்டது. கலை நோக்கில் இது குறையே. ஆயின் ஒரு முதியவர் அதனைப் பார்த்து மகிழ்ந்தார்: புகையேறிய சுவரும் ஒழுகும் தகரமும் படத்தில் இல்லை, அவர் மாத்திரம் இருந்தார். வறுமையைக் காட்டாத படம் பொய்ப்படமா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. இன்னும் விடை காணவில்லை. லயத்தின் அவலத்தைப் பதிவு செய்வது கலைஞனின் கடமை என்றே வகுப்பறையில் வாதிட்டு வந்தவன் நான். அவ்வாறான படத்தைத் தம் சுவரில் மாட்டிக்கொள்ளும்படி அம்முதியவரிடம் கொடுக்க எனக்குத் துணிவு வந்திராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வால்ற்றர் பென்யமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒருமையைச் சிதைத்து, அதனை வழிபாட்டிடத்திலிருந்து காட்சிச் சாலைக்குக் கொண்டுவந்தது என்றார். இவ்வாதத்துக்கு நிழற்படமே அவரது முதன்மைச் சான்று. உடனடிப் படமோ நிழற்படமாயிருந்தும் ஒற்றைப் பிரதி, மூலச்சுருள் இல்லை. எங்கள் லயத்தில் அவை போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் பென்யமின் வியந்திருப்பார்: பெரும்பாலானவை சாமிப் படத் தட்டிலேயே வைக்கப்பட்டன. ஒற்றைப் பிரதி என்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது லயங்கள் மனிதரோடும் உடைமைகளோடும் புதையுண்டன. அத்தகைய மலைகளின் கீழ் வாழ்வோருக்கு, மூலச்சுருளற்ற ஒரு தாளைக் கொடுத்து, இதுவே உங்கள் நினைவு என்பது போதுமா? கைத்தொலைபேசியில் ஆயிரம் பிரதி எடுக்கலாமே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும் எங்கள் தோட்டத்தில் தொலைபேசியிற் படம் எடுக்கப்படாத முகமே இன்று இல்லை. சுவரில் இருக்கும் முகங்கள் மிகச் சில. தொலைபேசி மாறும்போது படங்களும் போய்விடுகின்றன. கொடுத்துவிட்ட படங்களைத் தொலைபேசியாலும் ஒருமுறை எடுத்து வைத்திருக்கலாம் என்பது எனக்குப் பின்னரே தோன்றியது. அது என் பிழை.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் இப்போது இதே கமராவுடன் வெளிநாட்டுப் பயணிகள் பலர் நிற்கின்றனர். 1921இற் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தில் கோச்சி வரும் வேளையிற் படத்தாள்கள் பறக்கின்றன. அவர்களது மகிழ்ச்சியில் எனக்குக் குறையில்லை; மூடுபனியும் வளைவும் நீலக் கோச்சியும் அழகானவைதாம். வழியிற் கொழுந்து கிள்ளும் பெண்களையும் எடுக்கிறார்கள். சில இடங்களிற் காசும் கொடுக்கிறார்கள். கையிலேயே படம் விழும் கமராவை வைத்திருந்தும், அதனைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு போகிறார்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முந்திய தபாலட்டைக்காரருக்கேனும் உடனே கொடுக்க இயலாமை என்ற சாட்டு இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும், மாணவர் நிழற்படக் கண்காட்சி ஒன்றுக்குப் படங்கள் தரும்படி கேட்டார்கள். என்னிடம் ஒன்றுமில்லை. பத்தொன்பது படங்கள் அவற்றுக்கு உரியவர்களிடம் இருக்கின்றன. இருபதாவதில் வில்லையின் குறுக்கே என் விரல் விழுந்துவிட்டது. எறியப் போனேன், பக்கத்து லயத்துச் சிறுவன் ஒருவன் “எனக்குத் தாங்கண்ணே” என்று கேட்டு வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான். ஓரத்தில் அவனுடைய காது கொஞ்சம் தெரிகிறதாம்.